பொத்தானை அழுத்தினால் போதுமா?

தொட்டும் சுழற்றியும் அறிவியல் கற்கும் கூடங்கள் உருவான கதை. அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெரியவர்களுக்கு ஆய்வுகள் சொல்லும் செய்தி

பள்ளி விடுமுறை நாள்களில் எந்த அறிவியல் கூடத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஆறேழு வயதுப் பிள்ளை ஓடி வருகிறது. கண்ணில் பட்ட பொத்தானை அழுத்துகிறது. விளக்கு எரிகிறது, ஏதோ ஒன்று சுழல்கிறது. அது சுழன்று முடிவதற்குள் பிள்ளை அடுத்த பொத்தானுக்கு ஓடிவிடுகிறது. பின்னால் வரும் பெற்றோர் படம் எடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் முப்பது காட்சிப்பொருள்கள் முடிந்துவிடுகின்றன. "அடுத்து எங்கே?" என்ற கேள்வி வருகிறது.

பிள்ளை மகிழ்ச்சியாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏதாவது கற்றுக்கொண்டதா? இந்தக் கேள்வியை அறிவியல் கூடங்களை நடத்துபவர்களே பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். விடை தேடி அவர்கள் காட்சிப்பொருள்களைப் பிரித்து மீண்டும் வடிவமைத்திருக்கிறார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் பேசிக்கொள்வதை ஒளிப்பதிவு செய்து, சொல் சொல்லாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் சில நமக்கு வியப்பளிக்கும். ஒன்று நம்மைச் சற்றுச் சங்கடப்படுத்தவும் கூடும்.

கண்ணாடிப் பேழையைத் திறந்தவர்கள்

அரும்பொருளகம் என்றால் "தொடாதே" என்ற பலகைதான் ஒரு காலத்தில் நினைவுக்கு வரும். பாடம் செய்யப்பட்ட பறவைகள், ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சிகள், பெயர் எழுதிய அட்டைகள். எல்லாம் பெரியவர்களின் கண் உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்.

இந்த வழக்கத்தை மாற்றிய முதல் இடம் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இருக்கிறது. 1899ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புரூக்ளின் குழந்தைகள் அரும்பொருளகம், குழந்தைகளுக்கென்றே தொடங்கப்பட்ட உலகின் முதல் அரும்பொருளகமாகக் கருதப்படுகிறது. 1902ல் அங்கே பணியில் சேர்ந்த ஆனா பில்லிங்ஸ் கேலப் என்ற பெண்மணி, ஓய்வுபெற்ற 1937ஆம் ஆண்டுவரை அதை வளர்த்தெடுத்தார். பிள்ளைகள் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், தாங்களே ஆராய வேண்டும், அந்த இடம் தங்களுடையது என்று உணர வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அடுத்த பெரிய மாற்றம் பாஸ்டன் நகரில் நிகழ்ந்தது. 1913ல் அறிவியல் ஆசிரியர்கள் தொடங்கிய அந்த ஊர்க் குழந்தைகள் அரும்பொருளகத்துக்கு, 1962ல் மைக்கேல் ஸ்போக் இயக்குநராக வந்தார். குழந்தை வளர்ப்பு நூலால் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக்கின் மகன் இவர். சிறுவயதில் வாசிப்பதற்கே மிகவும் சிரமப்பட்டவர். எழுத்தின் வழியாக மட்டுமே கற்க முடியும் என்றால் தம்மைப் போன்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றாடப் பொருள்களை இரண்டாக வெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் காட்சியை அவர் அமைத்தார். தெருவுக்கு அடியில் போகும் சாக்கடைக் குழாய்வரை பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். கண்ணாடிப் பேழைகள் மெல்ல மெல்லக் காணாமல் போயின.

ஓப்பன்ஹைமரின் தம்பி

'ஓப்பன்ஹைமர்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, அணுகுண்டுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி ஃபிராங்க் நினைவிருக்கலாம். அவரும் இயற்பியலாளர், அதே திட்டத்தில் பணியாற்றியவர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததால் 1949ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு ஆளானார். மினசோட்டா பல்கலைக்கழக வேலை பறிபோனது. வேறு எந்தப் பல்கலைக்கழகமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கொலராடோ மாநிலத்தில் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே மாட்டுப் பண்ணை வைத்துப் பிழைத்தார்.

1957ல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. பண்ணைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோதுதான், கையில் எடுத்துச் செய்து பார்ப்பதன் ஆற்றலை அவர் கண்கூடாகக் கண்டார். பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மாணவர்கள் வேண்டிய நேரத்தில் வந்து தாங்களே செய்து பார்க்கும் சோதனைகளின் 'நூலகம்' ஒன்றை உருவாக்கினார். 1960களின் நடுவில் ஐரோப்பா சென்று லண்டன், பாரிஸ், மியூனிக் நகரங்களின் அறிவியல் அரும்பொருளகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1969ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில், 1915ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பழைய மாளிகை ஒன்றில் 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' திறக்கப்பட்டது.

அங்கே வழிகாட்டிகளாக நின்றவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். காட்சிப்பொருள்கள் செய்யப்படும் பட்டறை, வருகையாளர்கள் பார்க்கும்படி திறந்தே இருந்தது. எது உடைந்தாலும் அங்கேயே பழுது பார்க்கப்பட்டது. ஒரு காட்சிப்பொருளை முதலில் எளிய மாதிரியாகச் செய்து கூடத்தில் வைப்பார்கள். பிள்ளைகள் அதை என்ன செய்கிறார்கள் என்று கவனித்துத் திருத்துவார்கள். தேர்வில் தோற்பவர்கள் உண்டு, அரும்பொருளகத்தில் தோற்பவர் எவரும் இல்லை என்பது ஃபிராங்கின் நம்பிக்கை.

இன்னொன்றையும் அவர் செய்தார். தங்கள் காட்சிப்பொருள்களை எப்படிச் செய்வது என்ற விவரங்களைச் சமையல் குறிப்பு நூலைப் போல அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வழங்கிவிட்டார். உலகின் எந்த அறிவியல் கூடத்துக்குள் நுழைந்தாலும் முன்பே பார்த்தது போன்ற சில காட்சிப்பொருள்கள் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபிராங்க் 1985ல் காலமானார். அவர் உருவாக்கிய கூடம் 2013 முதல் அதே நகரின் கடற்கரையோரத் துறைமுகக் கட்டடத்தில் இயங்கி வருகிறது.

திமிங்கிலம் போனது, நிலையம் வந்தது

சிங்கப்பூரிலும் இதே மாற்றம் நடந்தது. ராஃபிள்ஸ் அரும்பொருளகம் என்று அழைக்கப்பட்ட பழைய தேசிய அரும்பொருளகத்துக்கு 1970களுக்கு முன் போனவர்கள், கூரையிலிருந்து தொங்கிய மாபெரும் திமிங்கில எலும்புக்கூட்டை மறந்திருக்க மாட்டார்கள். 1892ல் மலாக்கா அருகே கரை ஒதுங்கிய அந்தத் திமிங்கிலம் 1907 முதல் இங்கே காட்சிக்கு இருந்தது. அந்த அரும்பொருளகம் கலை, வரலாறு ஆகியவற்றில் மட்டும் கவனம் செலுத்துவது என்று முடிவானபோது, எலும்புக்கூடு 1974ல் மலேசியாவின் தேசிய அரும்பொருளகத்துக்குக் கொடுக்கப்பட்டது. விலங்குச் சேகரிப்பு பல இடங்கள் மாறி, இன்று கென்ட் ரிட்ஜில் 2015ல் திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதே ஆண்டு ஜூரோங் தீவு அருகே இறந்து மிதந்த பத்து மீட்டருக்கும் அதிக நீளமுள்ள எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் அங்கே காணலாம்.

அறிவியலுக்கென்று தனியாக அமைந்ததுதான் ஜூரோங்கில் உள்ள சிங்கப்பூர் அறிவியல் நிலையம். 1977ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி டாக்டர் டோ சின் சாய் அதைத் திறந்துவைத்தார். அந்தக் காலத்தில் ஜூரோங் தொழிற்பேட்டை விரைவாக வளர்ந்துகொண்டிருந்தது. தொழில்நுட்பம் தெரிந்த தலைமுறை ஒன்று நாட்டுக்குத் தேவைப்பட்டது. பள்ளிப் பேருந்துகளில் அங்கே போய் இறங்கிய அன்றைய மாணவர்கள் பலர் இன்று தங்கள் பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார்கள். 18 மாதம் முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளுக்காக 'கிட்ஸ்ஸ்டாப்' என்ற தனிப் பகுதி 2014ல் சேர்ந்தது. கோலாலம்பூரில் தேசிய அறிவியல் நிலையம் 1996லும், இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பெட்ரோசெயின்ஸ் 1999லும் திறக்கப்பட்டன.

காற்று பிடித்து வைத்திருக்கும் பந்து

இந்தக் கூடங்களில் எங்கும் காணக்கூடிய ஒரு காட்சிப்பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு குழாயிலிருந்து காற்று மேல்நோக்கி வேகமாகப் பீறிடும். அதன்மேல் கடற்கரைப் பந்து ஒன்று மிதந்துகொண்டிருக்கும். இதுவரை வியப்பில்லை, காற்று தள்ளுகிறது, பந்து மிதக்கிறது.

குழாயை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பந்து கீழே விழ வேண்டும் அல்லவா? விழாது. காற்றோடு சேர்ந்து அதுவும் சாய்ந்து அந்தரத்தில் நிற்கும். இப்போது பந்தை இரு கைகளாலும் பிடித்து, காற்றோட்டத்திலிருந்து பக்கவாட்டில் மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். யாரோ உள்ளே இழுப்பது போலக் கையில் உணர்வீர்கள்.

காரணம் இதுதான். வேகமாகப் போகும் காற்று, வளைந்த பரப்பைத் தொட்டால் அதை ஒட்டியே வளைந்து போகும். பந்து காற்றோட்டத்தின் ஓரத்துக்கு நகரும்போது, அதன் உள்பக்கத்தை ஒட்டிச் செல்லும் காற்று பந்தைச் சுற்றி வெளிப்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. பந்து காற்றை வெளியே திருப்புகிறது என்றால், காற்று பந்தை உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் விதிதான் இது. உயர்நிலைப் பள்ளியில் வரும் பாடம், ஐந்து வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்து மிதப்பதைப் பார்த்துவிட்டு ஓடிப்போகும் பிள்ளைக்கு இதில் எதுவும் கிடைக்காது. குழாயைச் சாய்த்த பிள்ளைக்குக் கேள்வி கிடைக்கிறது. பந்தை வெளியே இழுத்துப் பார்த்த பிள்ளைக்கு விடையின் தொடக்கம் கிடைக்கிறது.

எது குளிர்ச்சி?

இன்னும் எளிமையான காட்சிப்பொருள் ஒன்று உண்டு. ஒரு மேசைமேல் ஓர் உலோகத் தகடும் ஒரு மரப்பலகையும் இருக்கும். தொட்டுப் பார்த்தால் உலோகம் குளிர்ச்சியாக இருக்கும், மரம் அப்படி இருக்காது. "எதன் வெப்பநிலை குறைவு?" என்று கேட்டால் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் உலோகம் என்றே சொல்வார்கள்.

வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். குளிர்சாதன அறையில் நாள் முழுதும் கிடந்த இரண்டு பொருள்களும் அறையின் வெப்பநிலையான 24 அல்லது 25 பாகையில் இருக்கும். நம் உள்ளங்கைத் தோல் ஏறக்குறைய 32, 33 பாகை. கையை வைத்ததும் வெப்பம் கையிலிருந்து பொருளுக்குப் போகிறது. அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் கையின் சூட்டை அது விரைந்து வாங்கிக்கொள்கிறது. நம் தோல் உணர்வது பொருளின் வெப்பநிலையை அல்ல. தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதையே.

இதற்கு அடுத்த படி இன்னும் சுவையானது. உலோகத்தின் மீது ஒரு பனிக்கட்டி, மரத்தின் மீது ஒரு பனிக்கட்டி. எது முதலில் உருகும்? உலோகம் 'குளிர்ச்சி' என்று நம்பியவர்கள் மரத்தில்தான் முதலில் உருகும் என்பார்கள். நடப்பது நேர்மாறு. கையிலிருந்து வெப்பத்தை விரைந்து எடுத்த அதே உலோகம், தன்னிடமும் சுற்றிலும் உள்ள வெப்பத்தைப் பனிக்கட்டிக்கு விரைந்து கொடுத்துவிடுகிறது. பிள்ளை தவறாக ஊகித்து, அது தவறு என்று தானே கண்டுகொள்ளும் அந்தக் கணம்தான் இந்தக் காட்சிப்பொருளின் பயன். ஊகிக்காமல் வெறுமனே பார்த்தால் அது உருகும் பனிக்கட்டி மட்டுமே.

உயிருள்ளவற்றை எப்படித் தொடுவது?

பந்தையும் பலகையையும் ஒரு நாளில் ஆயிரம் பேர் தொடலாம். ஒரு நட்சத்திர மீனை ஆயிரம் பேர் தொட்டால் அது பிழைக்காது. இயற்கையைக் கையில் கொடுப்பதில் உள்ள சிக்கல் இது. அதற்குக் கூடங்கள் சில வழிகளைக் கண்டிருக்கின்றன.

ஒன்று, தொடுவதற்குப் பதிலாக மிக அருகில் பார்க்க வைப்பது. பல நாடுகளின் குழந்தைகள் அரும்பொருளகங்களில் சுவரோடு சேர்த்துக் கண்ணாடித் தேன்கூடு அமைத்திருப்பார்கள். தேனீக்கள் ஒரு குழாய் வழியாக வெளியே போய்வரும். கூட்டுக்குத் திரும்பும் தேனீ உடலை ஆட்டிக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடி, சுற்றி வந்து, மீண்டும் அதே கோட்டில் ஓடுவதைக் காணலாம். அந்தக் கோடு நேர் மேல்நோக்கி இருந்தால், பூக்கள் சூரியன் இருக்கும் திசையில் உள்ளன என்று பொருள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால், சூரியனுக்கு அதே அளவு வலப்பக்கம். ஆட்டம் நீண்டால் தொலைவு அதிகம். இந்த மொழியைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973ல் நோபெல் பரிசு பெற்றார். அவரும் கண்ணாடி வைத்த கூட்டைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு வழி, உயிரினம் விட்டுச் சென்றதைக் கையில் கொடுப்பது. குதிரைலாட நண்டு வளரும்போது தன் ஓட்டை முழுதாகக் கழற்றிவிடும். சிங்கப்பூரின் சேற்றுக் கரைகளில் இரண்டு வகைக் குதிரைலாட நண்டுகள் வாழ்கின்றன. அந்த வெற்று ஓட்டைக் கையில் எடுத்தால் பத்துக் கண்கள் எங்கே, கால்கள் எங்கே என்று தேடலாம். பெயரில் நண்டு இருந்தாலும் இது சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. இதன் முன்னோரின் புதைபடிவங்கள் ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. டைனசோர்கள் தோன்றுவதற்கு வெகு முன்பே இந்த வடிவம் கடலில் இருந்தது. ஒரு பிள்ளையின் கையில் அந்த ஓடு இருக்கும்போது இதைச் சொன்னால், அது மனத்தில் நிற்கும். படத்தைக் காட்டிச் சொன்னால் அந்த அளவுக்கு நிற்காது.

ஒரு நிமிடமா, மூன்று நிமிடமா?

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பொத்தானை அழுத்திவிட்டு ஓடும் பிள்ளை எதையாவது கற்கிறதா?

எக்ஸ்ப்ளோரட்டோரியத்தின் தாமஸ் ஹம்ஃப்ரீ, ஜோஷுவா கட்வில் ஆகியோர் 2005ல் தங்கள் கூட அனுபவத்தை ஒரு நூலாக வெளியிட்டனர். வழக்கமான காட்சிப்பொருள்களில், குறிப்பு அட்டை சொன்னபடி செய்து, சொன்ன விளைவைப் பார்த்துவிட்டு, அட்டை தரும் விளக்கத்தை வாசிக்கலாம். அவற்றின் முன் மக்கள் சராசரியாக ஒரு நிமிடம்தான் நின்றார்கள். பிறகு வேறு விதமான காட்சிப்பொருள்களை அமைத்தார்கள். அவற்றில் ஒரே ஒரு 'சரியான' விளைவு கிடையாது. செய்பவரே கேள்வியைத் தேர்ந்தெடுத்து, மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம். அவற்றின் முன் சராசரியாக மூன்று நிமிடங்களுக்கு மேல் நின்றார்கள்.

இவ்வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு, சாய்தளத்தில் சக்கரங்களை உருட்டும் பந்தயம். இரண்டு சக்கரங்களின் மொத்த எடையும் ஒன்றுதான். ஆனால் எடைக் கட்டிகளை நடுவுக்கு அருகிலோ விளிம்பிலோ மாற்றிப் பொருத்தலாம். எதை எங்கே வைத்தால் முதலில் வரும்? எடை நடுவில் இருக்கும் சக்கரம் எளிதில் சுழலத் தொடங்குவதால் அதுதான் வெல்லும். அட்டையில் இதை எழுதிவைக்கத் தேவையில்லை. தோற்ற பிள்ளை மறுமுறை கட்டியை நகர்த்திப் பொருத்துகிறது. மூன்றாவது பந்தயத்தில் அதற்கு விதி புரிந்துவிடுகிறது.

ஆகவே பொத்தானில் தவறில்லை. அழுத்திய பிறகு செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை என்றால்தான் பிள்ளை ஓடிவிடுகிறது.

யாருக்கு விளக்குகிறோம்?

காட்சிப்பொருளை மாற்றலாம், உடன்வரும் பெரியவர்கள்? இங்கேதான் சங்கடமான அந்தச் செய்தி வருகிறது.

கெவின் குரோலி, மோரீன் கேலனன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு குழந்தைகள் அரும்பொருளகத்துக்கு வந்த குடும்பங்களின் உரையாடல்களைப் பதிவு செய்தார்கள். பிள்ளைகள் 1 முதல் 8 வயது வரையிலானவர்கள். 2001ல் வெளியான முடிவு இது: கைப்பிடியை எப்படித் திருப்புவது, என்ன தெரிகிறது பார் என்பன போன்றவற்றைப் பெற்றோர் மகனிடமும் மகளிடமும் ஒரே அளவில் பேசினார்கள். ஆனால் ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கத்தை மட்டும், மகள்களுக்குக் கொடுத்ததைவிட மகன்களுக்கு மூன்று மடங்கு அதிகமாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பெற்றோர் யாரும் மகளை ஒதுக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் அல்லர். மகளையும் அறிவியல் கூடத்துக்கு அழைத்து வந்தவர்கள்தான். தங்களை அறியாமலேயே, 'இவளுக்கு இது போதும்' என்று நின்றுவிட்டார்கள். பள்ளியில் அறிவியல் பாடம் தொடங்குவதற்கு முன்பே இந்த வேறுபாடு வந்துவிடுகிறது என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. சிங்கப்பூரில் அறிவியல் பாடம் தொடக்கநிலை 3ல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஒரு சிறுமி 'ஏன்' என்ற கேள்விக்கு எத்தனை விடைகளைக் கேட்டிருப்பாள், அவளுடைய அண்ணன் அந்த வயதில் எத்தனை கேட்டிருப்பான் என்று ஒவ்வொரு வீட்டிலும் எண்ணிப் பார்க்கலாம்.

எப்போது விளக்குவது?

அப்படியானால் பிள்ளைக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டியதுதானே? அங்கும் ஒரு தடை இருக்கிறது.

எலிசபெத் போனவிட்ஸ், லோரா ஷுல்ஸ் ஆகியோர் அடங்கிய குழு 2011ல் வெளியிட்ட ஆய்வில், பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் புதுமையான ஒரு விளையாட்டுப் பொருள் கொடுக்கப்பட்டது. அதில் நான்கு இரகசியங்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சிடும். மற்ற மூன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில பிள்ளைகளிடம், இது எப்படி வேலை செய்கிறது என்று காட்டப்போகிறேன் என ஆசிரியரைப் போலச் சொல்லிவிட்டு, கீச்சிடுவதை மட்டும் செய்துகாட்டினார்கள். வேறு சிலரிடம், தற்செயலாகக் கை பட்டுக் கீச்சிட்டது போல நடந்துகொண்டார்கள்.

பாடம் கேட்ட பிள்ளைகள் கீச்சிடும் குழாயையே திரும்பத் திரும்ப இழுத்தார்கள். விரைவில் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் அதிக நேரம் விளையாடி, மற்ற இரகசியங்களையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். தெரிந்த பெரியவர் ஒன்றைத்தான் காட்டினார் என்றால், காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்று பிள்ளை முடிவு செய்துகொள்கிறது. அது முட்டாள்தனமான முடிவும் அல்ல. ஆசிரியரை நம்பும் பிள்ளையின் அறிவான ஊகம்.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றலாம். ஒன்று விளக்கம் போதவில்லை என்கிறது, மற்றொன்று விளக்கினால் தேடல் நின்றுவிடுகிறது என்கிறது. நேரத்தை வைத்துப் பார்த்தால் முரண் இல்லை. பிள்ளை தொடுவதற்கு முன் சொல்லும் விடை கதவை மூடுகிறது. பிள்ளை செய்து பார்த்து, வியந்து, திரும்பி நம் முகத்தைப் பார்க்கும்போது சொல்லும் விளக்கம் கதவைத் திறக்கிறது. முதலில் பிள்ளையின் கை, பிறகு நம் கேள்வி, கடைசியில் நம் விளக்கம். இந்த வரிசை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுதான்.

அடுத்த முறை போகும்போது

முப்பது காட்சிப்பொருள்களைப் பார்த்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்தில் நின்றாலே நல்ல நாள்தான். பிள்ளை ஒன்றிலேயே இருபது நிமிடம் நின்றால், இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

பிள்ளை பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ன நடக்கும்னு நினைக்கிறே?" நடந்த பிறகு இன்னொன்று: "நீ நினைச்ச மாதிரி நடந்ததா?" மூன்றாவதாக: "வேற மாதிரி செஞ்சா என்ன ஆகும்?" இந்த மூன்று கேள்விகளுக்கும் இயற்பியல் பட்டம் தேவையில்லை. நமக்கு விடை தெரியாவிட்டால், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொன்னால் போதும்.

குறிப்பு அட்டைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தாத்தா பாட்டிகள் சிலர் ஓரமாக நாற்காலி தேடுவதுண்டு. உண்மையில் இந்தக் கூடங்கள் வாசிக்காமலேயே புரிந்துகொள்வதற்காக அமைக்கப்பட்டவை. காற்றில் பந்து ஏன் விழவில்லை என்று பேத்தியிடம் தமிழில் கேட்க எந்த அட்டையும் வேண்டாம். கிணற்றில் இறைத்த கப்பியையும் மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியையும் அறிந்த பாட்டிக்கு, கப்பியும் ஆவியாதலும் புதிய செய்திகள் அல்ல. அவர் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. இப்படி வீட்டு மொழியில் பேசும்போது 'ஆவியாதல்', 'விசை', 'சுழற்சி' போன்ற சொற்களும் பிள்ளையிடம் இயல்பாகச் சேர்கின்றன.

விடுமுறை முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இன்று மாலையே சமையலறையில் ஓர் எவர்சில்வர் தட்டையும் காய்கறி நறுக்கும் மரப்பலகையையும் அருகருகே வையுங்கள். பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது குளிர்ச்சி என்று கேளுங்கள். எதன்மேல் பனிக்கட்டி முதலில் உருகும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை ஒரே நேரத்தில் வையுங்கள். எவர்சில்வர், அலுமினியத்தைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆனாலும் மரத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம். அதனால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

தண்ணீர் வழியத் தொடங்கியதும் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். உடனே விளக்கிவிடாதீர்கள். முதலில் மகளிடம் கேளுங்கள்: "ஏன்?"